டர்பன் நகரின் பசுமைக் கட்டடம் கூரையில் தொடங்குகிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 'கிரீன் பில்டிங்' என்று பேச்செடுத்தால் பலருக்கும் உம்லாங்கா மேட்டில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. வரவேற்பறைச் சுவரில் நட்சத்திரச் சான்றிதழ், கார் நிறுத்துமிடத்துக்கு மேல் சோலார் பேனல், ஆள் வந்தால் எரிந்து ஆள் போனால் அணையும் விளக்கு. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்த நகரத்தில் இந்திய வம்சாவளியினரான நம் ஜனங்கள் பெரும்பாலும் குடியிருப்பது சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் மெரிபேங்க்கிலும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் நகரசபைக் கவுன்சில் கட்டிக்கொடுத்த வீடுகளில், அல்லது அந்த வீடுகளை ஒட்டி நாமே பின்னால் நீட்டிக் கட்டிக்கொண்ட அறைகளில். 2050-லும் இவற்றில் பல நின்றுகொண்டுதான் இருக்கும். இவற்றை விட்டுவிட்டு நகரத்தைப் பசுமையாக்க முடியாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் என் பதில் கூரை. கோடையின் வெக்கை கூரை வழியாகத்தான் முதலில் உள்ளே இறங்குகிறது. மழை விழுவது அங்கே. வெந்நீருக்கும் மின்சாரத்துக்கும் வேண்டிய வெயில் விழுவதும் அங்கேதான். வெள்ளம் வரும்போது தெருவில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு நம் கூரைகளிலிருந்தே கிளம்புகிறது. மற்றதெல்லாம் அப்புறம்.

வெயில் வடக்கிலிருந்து வரும் ஊர்

கூரைக்கு ஏறும் முன் திசையைப் பேசிவிடலாம். டர்பன் தெற்கு அட்சரேகை 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது, மகர ரேகைக்கும் தெற்கே. ஆகவே வருஷத்தில் ஒரு நாள்கூட இங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவதில்லை. நண்பகலில் எப்போதும் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். இங்கே கோடையான டிசம்பர் நடுப்பகலில் அதன் உயரம் ஏறக்குறைய 83 டிகிரி, குளிர்காலமான ஜூன் நடுப்பகலில் 37 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. சென்னையில் கதை வேறு. அங்கே வருஷத்தின் பெரும்பகுதி நடுப்பகல் வெயில் தெற்கிலிருந்து விழும்.

மனையடி பார்த்து வீடு கட்டும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கிழக்கு பார்த்த வாசல், ஈசான மூலை, சாமி அறை, இவை அவரவர் நம்பிக்கை. கிழக்கு எந்த ஊரிலும் கிழக்குதான், அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் எந்தச் சுவர் சூடாகும், எந்த அறை குளிரும் என்ற கணக்கு வடகோளத்தில் இருந்துகொண்டு போட்டது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பலன் தலைகீழாகும். டர்பனில் தெற்குச் சுவர்தான் குளிர்ந்த சுவர். ஜூலையில் ஈரம் தங்கி, அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும் சுவரும் பெரும்பாலும் அதுதான். வடக்குச் சுவர் நமக்கு வரம். கூடமும் படுக்கையறையும் வடக்கே இருந்து, குளியலறை, கேரேஜ், சாமான் அறை எல்லாம் தெற்கிலும் மேற்கிலும் இருந்தால் செலவே இல்லாமல் வீடு பாதி சரியாகிவிடும்.

வடக்கு ஜன்னல் ஏன் வரம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சுவரைத் தாண்டி 60 சென்டிமீட்டர் நீளும் ஒரு கூரை விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுப்பகலில் அதன் நிழல் சுவரில் ஐந்து மீட்டருக்கு மேல் இறங்கும், அதாவது முழுச் சுவரையும் மூடிவிடும். ஜூன் நடுப்பகலில் அதே விளிம்பின் நிழல் 45 சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே ஜன்னல் தொடங்கினால் குளிர்கால வெயில் முழுதும் அறைக்குள் விழும். ஒரே விளிம்பு கோடையில் குடையாகவும் குளிரில் திறந்த கதவாகவும் வேலை செய்கிறது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. இப்போது புதிதாக எழும் பல வீடுகளில் அழகுக்காகக் கூரை விளிம்பையே வெட்டி, பெட்டி மாதிரி நிறுத்துகிறார்கள். படத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. ஜனவரி மாதத்தில் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மேற்கு ஜன்னல் விஷயம் வேறு. மாலை வெயில் தாழ்வாக, நேராக வரும். அதை எந்தக் கூரை விளிம்பாலும் தடுக்க முடியாது. வெளியே ஒரு மரமோ செங்குத்தான தடுப்போ வேண்டும். முற்றத்து மாமரம் மேற்கே நின்றால் அதை வெட்டாதீர்கள்.

காற்றும் இங்கே திசை தெரிந்தே வருகிறது. கடற்கரையை ஒட்டி வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் பெரும்பாலும் அடிக்கும். எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருக்கும் அறையில் வருஷத்தில் பல மாதம் ஏசி தேவைப்படாது. பழைய கவுன்சில் வீடுகளில் இந்த வசதி ஓரளவு இருந்தது. நாம்தான் வாடகைக்கு விட அவுட்பில்டிங் கட்டும்போது பின் ஜன்னலை அடைத்துவிட்டோம். அவுட்பில்டிங் தேவை எனக்குப் புரிகிறது. பென்ஷனில் வாழும் எத்தனையோ பாட்டிமாருக்கு அந்த வாடகைதான் மருந்துக் காசு. ஆனால் பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே காற்றுக்கு ஒரு சந்து விட்டுக் கட்டினால் இரண்டு வீடும் மூச்சுவிடும்.

தலைக்கு மேல் இருப்பது என்ன

சாட்ஸ்வொர்த் 1960-களில் கட்டப்பட்டது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் வருஷத்துக் குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் கேட்டோ மேனரிலிருந்தும் நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்தும் இந்தியக் குடும்பங்களைக் கிளப்பி, உம்லத்துசானா, உம்லாஸ் ஆறுகளுக்கு நடுவே இருந்த மேடுபள்ளங்களில் குடிவைத்தார்கள். வேகமாக, மலிவாகக் கட்டிய வீடுகள். அவற்றில் பலவற்றின் தலையில் வைத்தது அஸ்பெஸ்டாஸ் ஷீட். பீனிக்ஸிலும் அப்படித்தான்.

தென்னாப்பிரிக்கா 2008-ல் அஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டைத் தடை செய்தது. ஆனால் ஏற்கெனவே கூரையில் இருப்பதை உடனே எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் இருக்கிறது, வருஷா வருஷம் முதுமையடைகிறது. உடையாத, பொடியாத ஷீட்டால் உடனடி ஆபத்து குறைவு. துளை போட்டால், அறுத்தால், பிரஷர் வாஷர் வைத்துக் கழுவினால்தான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கிளம்பும். அவை நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்து நோயாக வெளிப்படலாம். 2020-ல் வந்த புதிய விதிகளின்படி இந்த ஷீட்டுகளை எடுக்கும் வேலை பதிவுபெற்ற ஒப்பந்தக்காரருடையது. கழிவும் அதற்கென்று அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் போக வேண்டும்.

பசுமை வீட்டுப் பேச்சில் இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 'கூரையில் சோலார் போடுங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளைத்துப் பொருத்துவது செய்யக் கூடாத வேலை. ஆக, சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய வீட்டுக்காரருக்கு சோலார் என்பது பேனலின் விலை மட்டுமில்லை, கூரையையே மாற்றும் செலவும் சேர்ந்தது. வங்கியின் கடன் திட்டங்களும் விளம்பரங்களும் இந்த உண்மையைத் தொடுவதே இல்லை. வீடுகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் அரசாங்கமும் நகராட்சியும். அந்த ஷீட்டைத் தேர்ந்தெடுத்தது குடியிருந்தவர்கள் அல்ல. அதை மாற்றும் செலவில் அரசுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஷீட்டைச் சுரண்டாமல், தேய்க்காமல், அதற்குரிய வெள்ளைப் பூச்சால் மூடலாம். நார்களும் அடங்கும், வெக்கையும் குறையும். புதிய வெள்ளைக் கூரை தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுத்த கூரை அதைக் குடித்துக் கீழே அனுப்பும். டர்பனின் ஈரக்காற்றில் சில வருஷத்தில் பாசி படர்ந்து வெள்ளை மங்கும் என்பதால் மறுபூச்சுக்குத் தயாராக இருக்க வேண்டும். கடலோரத்தில், குறிப்பாக பிளஃப் பக்கம், தகரக் கூரை போடுபவர்கள் உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சுள்ள தகரமா என்று கேட்டே வாங்க வேண்டும். பத்து வருஷத்தில் துருப்பிடித்து மறுபடி வாங்கும் தகரம் பசுமையும் இல்லை, சிக்கனமும் இல்லை.

அடுத்தது சீலிங். கூரைக்கும் அறைக்கும் நடுவே ஒரு சீலிங் போர்டு, அதன் மேல் வெப்பத்தைத் தடுக்கும் ஒரு மெத்தை. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கிச் செய்த பாலியெஸ்டர் மெத்தை இந்த நாட்டிலேயே கிடைக்கிறது, கையில் அரிப்பும் வராது. புது வீட்டுக்கு 2011 முதல் விதி இதைக் கேட்கிறது: கூரை, சீலிங், மெத்தை மூன்றும் சேர்ந்து இவ்வளவு வெப்பத்தைத் தடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் அளவு உண்டு. பழைய வீட்டை யாரும் கேட்பதில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்டோ மேனரில் ஒரு தெரு

இதெல்லாம் ஏழை வீட்டில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது கேட்டோ மேனர். நம் தாத்தாமார் காய்கறித் தோட்டம் போட்டு, கோயில் கட்டி, பிறகு பிடுங்கி எறியப்பட்ட அதே கேட்டோ மேனர்தான். வெறும் நிலமாகக் கிடந்த அந்தப் பகுதியில் 1994-க்குப் பிறகு அரசு மானிய வீடுகள் எழுந்தன. சிறிய வீடுகள், சீலிங் இல்லை, வெந்நீர்க் குழாய் இல்லை. கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் நடுங்கும்.

2011 கடைசியில் டர்பனில் ஐ.நா.வின் காலநிலை மாநாடு நடந்தது. அதையொட்டி, தென்னாப்பிரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் அங்கே ஒரு தெருவில் 30 வீடுகளை எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டையும் இடிக்கவில்லை. ஒவ்வொன்றின் கூரையிலும் சூரிய வெந்நீர்க் கலம் ஏறியது, உள்ளே மெத்தை வைத்த சீலிங், வெளியே மழைநீர்த் தொட்டி, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் விளக்குகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சமையல் பையும் கொடுத்தார்கள். கொதி வந்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி அந்தப் பஞ்சுப் பைக்குள் வைத்து மூடினால் மீதி வேகல் தானாக நடக்கும். பருப்பும் பீன்ஸும் வேகவைக்கும் நம் வீடுகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஆடம்பரமான பொருள் ஒன்றுமே இல்லை என்பதுதான் இந்தத் தெருவில் என்னைக் கவர்ந்தது. அன்றுவரை கெட்டிலிலும் பாத்திரத்திலும் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு முதல்முறையாகக் குழாயில் வெந்நீர் வந்தது. பசுமை என்பது ஏற்கெனவே அதிகம் செலவழிப்பவர் குறைத்துக்கொள்வது மட்டும் இல்லை, இல்லாதவருக்கு வசதி வருவதும்தான் என்று அந்த 30 வீடுகள் காட்டின. வருத்தம் என்னவென்றால், அது ஒரு தெருவோடு நின்றது. 30 வீட்டில் முடிந்தது மூவாயிரம் வீட்டில் ஏன் முடியவில்லை என்ற கேள்வியை நகரசபையிடம் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கீசர்தான் பெரிய தீனிக்காரன்

மின்சாரத்துக்கு வருவோம். 150 லிட்டர் கீசர் ஒன்றில் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். தினமும் ஒரு முறை நிரம்பிச் சூடானால் வருஷத்துக்கு 2,500 யூனிட். தென்னாப்பிரிக்க மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது, ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு. ஆகவே ஒரு வீட்டின் குளியல் மட்டுமே வருஷத்துக்கு இரண்டரை டன். பல குடும்பங்களில் மின்கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்த ஒரு டேங்க்தான் தின்கிறது.

சட்டம் இதைப் புரிந்துகொண்டுதான் எழுதப்பட்டது. 2011-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகக் கட்டும் கட்டடத்தின் வெந்நீர்த் தேவையில் குறைந்தது பாதியாவது மின் கம்பிச்சுருளால் அல்லாமல் வேறு வழியில் சூடாக வேண்டும்: சூரியக் கலம், ஹீட் பம்ப், வேறு இயந்திரத்தின் வீண் வெப்பம், இப்படி. பிளான் பாஸ் ஆக இது கட்டாயம். ஹீட் பம்ப் காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் கீசர் குடிக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் அதே வேலையைச் செய்யும். டர்பனின் இளஞ்சூட்டுக் காற்றில் அது இன்னும் நன்றாகவே ஓடும்.

சூரியக் கலத்துக்கும் இந்த ஊர் இரண்டு விதத்தில் தோதானது. ஒன்று, கடலோரத்தில் உறைபனி கிடையாது. ஜோகன்னஸ்பர்க்கில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க வேறு திரவம் ஓடும் விலையுயர்ந்த அமைப்பு தேவைப்படும். இங்கே எளிய நேரடி அமைப்பே போதும். இரண்டு, நமக்கு மழையும் மேகமும் கோடையில்தான். வெந்நீர் அதிகம் வேண்டிய ஜூன், ஜூலையில் வானம் தெளிந்திருக்கும். வடக்கு பார்த்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து வைத்தால் குளிர்கால வெயிலையும் நன்றாகப் பிடிக்கும்.

பேனலும் பேட்டரியும் போடுகிறவர்கள் கீசரை அப்படியே விட்டுவிட்டு அதற்கும் சேர்த்துப் பெரிய பேட்டரி வாங்குவதைப் பார்க்கிறேன். 2022, 2023 வருஷங்களின் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்த மின்வெட்டு, நம்மை அவசரப்படுத்தியது உண்மை. இருட்டில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த காலம் அது, யாரையும் குறை சொல்ல முடியாது. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு விளக்கு பெரும்பாலும் நிலைத்து எரியத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில் சீலிங், பிறகு வெந்நீர், அதற்கப்புறம் பேனல். டர்பனில் ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்குச் சுமார் 1,400 யூனிட் கொடுக்கும். வெந்நீர்ச் செலவை முதலில் குறைத்துவிட்டால் வாங்க வேண்டிய பேனலும் பேட்டரியும் கணிசமாகக் குறையும்.

தண்ணீரின் கணக்கு

இந்த நகரத்துத் தமிழர்களின் சரித்திரத்தை வெள்ளங்களை விட்டுவிட்டு எழுத முடியாது. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-ல் எழுந்த கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. கேட்டோ மேனரில் இன்று நிற்கும் ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் அதற்குப் பதிலாக 1947-ல் எழுந்தது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் தகரத்தாலும் பலகையாலும் கட்டிய வீடுகளில் வாழ்ந்த தோட்டக்காரக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மாரிமுத்து படவட்டானும் அவரோடு ஐந்து பேரும் மீன்பிடிப் படகை வெள்ளத்தில் இறக்கிச் சுமார் 175 உயிர்களைக் கரைசேர்த்தார்கள். அதே தாழ்நிலத்தில் டின் டவுன் என்ற பெயரில் மறுபடி குடிசைகள் முளைத்தன. 1976 வெள்ளத்தில் வீடிழந்த அந்த மக்கள்தான் பீனிக்ஸின் முதல் குடியிருப்புவாசிகள். 1987 செப்டம்பரில் மறுபடி வெள்ளம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் மக்கள் லாரிக்குக் காத்துநின்றார்கள். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வரக்கூடிய அளவு மழை, பூமி சூடானதால் இருபது வருஷத்துக்கு ஒரு முறை வரக்கூடியதாகிவிட்டது என்று அதை ஆராய்ந்த காலநிலை அறிஞர்கள் கணக்கிட்டார்கள்.

இதையும் கூரையையும் சேர்த்துப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். 300 மில்லிமீட்டர் பெய்தால் 30,000 லிட்டர். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டின் கூரையிலிருந்தும் அவ்வளவு தண்ணீர் ஒரு சில குழாய்கள் வழியாக முற்றத்தில் இறங்கியது. முற்றம் முழுக்க சிமென்ட் போட்டிருந்தால் ஒரு சொட்டும் மண்ணில் இறங்காது. எல்லாம் கீழ்வீட்டுத் தடுப்புச் சுவரைத் தேடித்தான் ஓடும். டர்பனின் மேட்டுப்பகுதிகளில் இருக்கும் பெரியா செம்மணல் காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரியும், ஓடும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிக் கட்டிய வீடுகளில் தடுப்புச் சுவர் சாய்வதற்குப் பல சமயம் காரணம் சுவர் பலவீனமாக இருப்பது மட்டும் இல்லை. சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாததும்தான். சுவரின் அடியில் வடிதுளைகள், பின்னால் சரளைக்கல், மேலே கூரைத் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்கிக் கொண்டுபோகும் குழாய், இந்த மூன்றையும் கட்டும்போதே செய்துவிட்டால் பெரிய செலவில்லை. கூரைத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் இணைப்பது சட்டப்படி தவறு, கீழே இருக்கும் வீட்டின் கழிவறையில் அது பொங்கும். ஆனாலும் நம் தெருக்களில் அது நடக்கிறது. இதை அண்டை வீட்டுக்குச் செய்யும் அநியாயமாகவே நான் பார்க்கிறேன்.

மழைநீரைச் சேர்க்கும் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் வைத்தால் எல்லாம் சரியா என்று கேட்டால், பாதிதான். 5,000 லிட்டர் டேங்க் 100 சதுர மீட்டர் கூரைக்கு 50 மில்லிமீட்டர் மழையிலேயே நிரம்பிவிடும். புயல்மழை தொடங்கும்போது அது ஏற்கெனவே நிறைந்திருந்தால் வெள்ளத்தைக் குறைப்பதில் அதற்கு ஒரு பயனும் இல்லை. அதனால் டேங்க் தண்ணீரைப் பத்திரமாகப் பூட்டிவைக்காமல் தினமும் செலவழிக்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் கழிவறைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 150, 200 லிட்டர் போகும். அதை டேங்கோடு இணைத்துவிட்டால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் டேங்க் காலியாகி அடுத்த மழைக்கு இடம் கொடுக்கும், மீட்டரும் மெதுவாகச் சுற்றும். வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில், குடிக்கும் தரத்துக்குச் சுத்திகரித்த தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுவது மனசுக்கு ஒப்பவில்லை. அஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் சேர்க்க வேண்டாம்.

மழையைத் தாங்க இன்னொரு வழி கூரையிலேயே செடி வளர்ப்பது. 2008-ல் டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சி நகர நடுவில் தன் அலுவலகக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் இந்தச் சோதனையைத் தொடங்கியது. செடியும் மண்ணும் மழையை உறிஞ்சி மெதுவாக விடும், கீழ்த்தளம் குளிரும், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். கான்கிரீட் மாடி உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இது நல்ல வழி. ஆனால் பத்து சென்டிமீட்டர் மண் நனைந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் எடை வரும். தகர, ஷீட் கூரை வீட்டுக்காரர்கள் ஆசைப்படக் கூடாது.

கிரே தெருவும் கண்ணாடிக் கோபுரமும்

நகர நடுவைப் பற்றிச் சொல்லும்போது கிரே தெருவைச் சொல்லாமல் போக மனமில்லை. இப்போது அதன் பெயர் டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. கீழே கடை, மேலே குடும்பம், நடைபாதைக்கு மேல் நீளும் வராண்டா, கட்டடத்துக்கு நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு முற்றம். நம் வியாபாரிகள் அந்தக் காலத்தில் கட்டியவை. வேலைக்கு நடந்தே போனார்கள், வெயிலும் மழையும் படாமல் சாமான் வாங்கினார்கள். அந்தப் பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுவதைவிட, பழுதுபார்த்து மறுபடி குடியேற்றுவது சூழலுக்கு எவ்வளவோ நல்லது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. நிற்கிற சுவரைக் காப்பாற்றினால் அந்தக் கணக்கில் ஒரு மூட்டையும் சேராது.

பெரிய கட்டடங்களுக்கு விதிகள் இப்போது இறுகிக்கொண்டு வருகின்றன. டர்பன், கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க், ஷ்வானே (பிரிட்டோரியா) நான்கும் 2018-ல் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டன: 2030 முதல் புதிய கட்டடங்கள் எல்லாம் நிகர பூஜ்ய கரிமத்தில், அதாவது வெளியிடும் கரியமில வாயு மொத்தக் கணக்கில் பூஜ்யமாகும்படி, இயங்க வேண்டும், 2050-க்குள் பழையவையும். 2020 டிசம்பரில் வந்த தேசிய விதி, 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனியார் அலுவலகம், கல்விக்கூடம், திரையரங்கு போன்றவையும் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அரசுக் கட்டடங்களும் தங்கள் மின்சாரப் பயன்பாட்டுத் தரத்தை ஏ முதல் ஜி வரை குறித்து, வாசலில் மாட்டிவைக்க வேண்டும் என்கிறது. முதல் கெடு 2022 டிசம்பர், பிறகு 2025 டிசம்பருக்குத் தள்ளினார்கள். இந்தச் சான்றிதழை நான் நட்சத்திரங்களைவிட மேலாக மதிக்கிறேன். நட்சத்திரம் பல சமயம் வரைபடத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. இது கட்டடம் உண்மையில் செலவழித்த யூனிட்டைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. மேற்கு முழுக்கக் கண்ணாடி வைத்து, பிறகு ஏசியால் அதோடு போராடும் கட்டடம் வாசலிலேயே அதைச் சொல்லியாக வேண்டும்.

கோயில் மண்டபங்கள்

நம் கையில் இருக்கும் பெரிய கூரைகள் கோயில்களுடையவை. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மண்டபம் உண்டு. கல்யாணம், கூழ் ஊற்றும் பூஜை, தைப்பூசக் காவடிக்கு வரும் கூட்டம், கருமாதிச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். 2022 வெள்ளத்தில் கோயில் மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும்தான் வீடிழந்தவர்களுக்குப் பாய் போட்டுக் கொடுத்தன. அந்த மண்டபத்தின் கூரை 400 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் மழை, இங்கே கோடையில் சாதாரணமாகப் பெய்யும் ஒரு மாலை மழை, 10,000 லிட்டர் கொடுக்கும். அடுத்த முறை குழாய் வறண்டால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் பாத்திரம் கழுவவும் கழிவறைக்கும் அது போதும். பகலில் விளக்கும் குளிர்ப்பெட்டியும் ஓடும் இடம் என்பதால் பேட்டரி இல்லாத பேனலே அங்கே பாதிச் செலவைத் தாங்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகத்துக்கு முன் எப்படியும் சாரம் கட்டுகிறோம், கூரையைப் பழுதுபார்க்கிறோம், வர்ணம் பூசுகிறோம், அதற்கென்று நன்கொடை திரட்டுகிறோம். அந்த எஸ்டிமேட்டிலேயே மண்டபத்தின் அஸ்பெஸ்டாஸை எடுப்பது, மெத்தை வைத்த சீலிங், அகலமான மழைநீர்க் கால்வாய், இரண்டு டேங்க், பேனல் தாங்கும் சட்டம் ஆகியவற்றையும் எழுதிவிட வேண்டும் என்பது கோயில் கமிட்டி ஐயாமாரிடமும் அம்மாமாரிடமும் என் வேண்டுகோள். சாரத்துக்கும் கூலிக்கும் தனியாக இன்னொரு முறை செலவு வராது. வேலையை மே மாதம் தொடங்கினால் மழை குறைந்த குளிர்காலத்திலேயே கூரையைத் திறந்து மூடிவிடலாம், செப்டம்பர் கடைசிக்குள் டேங்குகள் முதல் மழைக்குத் தயாராகிவிடும்.